படகு கரை சேர்ந்த பிறகும் மனசு சேரவில்லை: வாசகர் கேள்வி–பதில்

ராமநாதபுரம் கடலோரத்திலிருந்து வந்த கேள்விகளில் ஐந்து இந்த இதழில். ஊரையும் தொழிலையும் போட்டிருக்கிறோம், பெயர்களை விட்டுவிட்டோம்.

விசைப்படகில் வாரம் மூன்று நாள் போகிறேன். காலையில் கிளம்பினால் மறுநாள் காலைதான் கரை. வீட்டில் இருக்கும் ராத்திரியும் தூக்கம் பிடிப்பதில்லை. பிள்ளைகள் சத்தம் போட்டாலே எரிந்து விழுகிறேன்.
– மீனவர், ராமேஸ்வரம்

எரிச்சலை அப்புறம் பார்ப்போம், முதலில் தூக்கக் கணக்கு. மீனை இறக்கிக் கொடுத்துவிட்டு வீடு வரவே ஒன்பது, பத்து மணி ஆகிவிடும். சாப்பிட்டுப் படுத்து சாயங்காலம் நாலு மணிக்கு எழுந்தால், ராத்திரிக்கு வேண்டிய தூக்கத்தைப் பகலிலேயே தின்றுவிட்டீர்கள் என்று அர்த்தம். எவ்வளவு நேரம் விழித்திருக்கிறோமோ அவ்வளவுதான் தூக்கப் பசி ஏறும்.

கரை வந்த அன்று ஒன்றரை மணி நேரம் தூங்குங்கள். உடம்பு கேட்கவில்லை என்றால் மூன்று மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். எப்படியும் மதியம் ஒரு மணிக்குள் எழுந்துவிட வேண்டும். அலாரத்தைக் கைக்கெட்டாத அலமாரியில் வையுங்கள். முதல் சில நாள் சாயங்காலம் தலை கனக்கும். அதைப் பொறுத்தால்தான் ராத்திரி பத்து மணிக்குத் தூக்கம் தானாக வரும். நேரம் மாறி வேலை பார்ப்பவர்களுக்கு மருத்துவத்தில் ‘நங்கூரத் தூக்கம்’ என்று ஒன்று சொல்வார்கள். தினமும் ஒரே கடிகார நேரத்தில் குறைந்தது நாலு மணி நேரத் தூக்கம். கடலில் இருக்கும் ராத்திரிக்கு அது நடக்காது. கரையில் இருக்கும் நாலு ராத்திரியாவது பத்திலிருந்து ஐந்து மணி வரை அசைக்காதீர்கள். படுத்து இருபது நிமிடம் போல ஆகியும் புரண்டுகொண்டிருந்தால் எழுந்து திண்ணையில் உட்காருங்கள். போன் வேண்டாம். கண் சொருகும்போது திரும்பப் படுங்கள்.

டீயின் காஃபின் குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் பாதி உடம்பில் நிற்கும். அதனால் கரையில் மதியம் இரண்டு மணிக்கு மேல் டீ வேண்டாம்.

‘அசதிக்கு ஒரு கட்டிங்’ கதைதான் பெரிய மோசம். கண்ணை மூட வைக்கும், பின்னிரவில் உலுக்கி எழுப்பும். ஆனால் பல வருடமாகத் தினமும் நிறையக் குடிப்பவர், ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும்போது மாலை போட்ட மாதிரி ஒரே நாளில் விட்டுவிடக்கூடாது. முதல் இரண்டு நாளில் கை நடுக்கம், வியர்வை, வலிப்புகூட வரலாம். டாக்டரிடம் சொல்லி, மருந்தோடு நிறுத்த வேண்டும். 61 நாள் தடைக்காலம் அதற்கு நல்ல அவகாசம்.

அவர் கடலில் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் “படகைப் பிடித்துவிட்டார்கள்” என்று வந்தால் போதும், நெஞ்சு படபடத்து விரலெல்லாம் மரத்துப்போகிறது. மூச்சை நன்றாக இழுத்தாலும் அடங்கவில்லை.
– குடும்பத்தலைவி, தங்கச்சிமடம்

உங்கள் பயம் வீண் பயமில்லை, படகு பிடிபடுவது நம் கடலில் நடக்கிற காரியம். அதனால் ‘கவலைப்படாதீர்கள்’ என்று எழுதப்போவதில்லை.

மூச்சை நன்றாக இழுப்பதுதான் இங்கே தப்பு. வேகமாக, ஆழமாக இழுத்து விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து விரல் மரக்கும், தலை சுற்றும். அதைப் பார்த்துப் பயம் இன்னும் ஏறும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு கையை வயிற்றின் மேல் வையுங்கள். மூக்கு வழியாக நாலு எண்ணும் வரை மெதுவாக, நெஞ்சு புடைக்காமல் இழுங்கள். ஆறு எண்ணும் வரை, சூடான கஞ்சியை ஊதுவது போல விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடம். படபடப்பு இல்லாத நேரத்தில் தினம் இரண்டு வேளை பழகினால்தான் தேவைப்படும்போது கைகொடுக்கும். நெஞ்சில் பாரம் வைத்தது போல வலித்து, கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்தால் மூச்சுப் பயிற்சி பார்க்கக்கூடாது. உடனே ஆஸ்பத்திரி.

செய்திக்கு ஒரே ஆளை வைத்துக்கொள்ளுங்கள், படகு உரிமையாளர் அல்லது சங்கத்தில் ஒருவர். அவரிடம் காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை. குரூப்பின் சத்தத்தை நிறுத்திவிடுங்கள். இரண்டு வருடத்துக்கு முந்தைய வீடியோவையே ‘இப்போது’ என்று அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். மாலை ஐந்து மணிக்குக் கால் மணி நேரம் நோட்டில் கவலையை எழுதுங்கள். எதிரே, இன்று அதற்குச் செய்ய முடிவது ஏதாவது இருந்தால் அதையும். ராத்திரி அதே கவலை வந்தால், ‘நாளைக்கு ஐந்து மணிக்கு’ என்று தள்ளிவையுங்கள். முதல் வாரம் கேட்காது, மெல்லப் பழகும்.

நாள் முழுக்கக் கடலில் முங்கிப் பாசி எடுக்கிறோம். மன அழுத்தத்துக்கு உடற்பயிற்சி செய்யச் சொல்கிறார்களே, எங்களுக்குமா?
– பாசி எடுக்கும் பெண், சின்னப்பாலம்

உங்களுக்கு வேண்டாம்! வேண்டியது தளர்த்தல். விரலில் சுற்றிய துணியை அவிழ்த்ததும், பாறையைப் பிடித்த கையை ஐந்து வினாடி இறுக்கி மூடுங்கள், பதினைந்து வினாடி தொங்க விடுங்கள். அடுத்து தோள், தாடை, கால். வெட்டுக்காயம் இருக்கும் விரலை விட்டுவிடுங்கள். பத்து நிமிடம் போதும்.

கணவர் சவுதியில். போன் வந்தாலே பணக் கணக்கு, மாமியார் பேச்சு, சண்டை. எப்போதும் அசதி.
– கீழக்கரை

அசதிக்கு முதலில் ரத்தம் பாருங்கள், ஹீமோகுளோபினும் தைராய்டும். இவை குறைந்திருந்தாலும் மனசு சோர்ந்த மாதிரியேதான் இருக்கும். போனுக்கு நேரம் குறியுங்கள். இங்கே ராத்திரி ஒன்பது என்றால் அங்கே ஆறரை, வேலையிலிருந்து வந்து அவர் இன்னும் குளித்திருக்கக்கூட மாட்டார். பத்து மணிக்குப் பேசுங்கள். பணக் கணக்கை வெள்ளிக்கிழமைக்கு மட்டும் ஒதுக்கி, எழுதி அனுப்பிவிடுங்கள். வாரம் ஒரு தடவை வீட்டுக்கு வெளியே ஒரு தோழியிடம் போய்ப் பேசிவிட்டு வருவது மருந்துக்குச் சமம்.

தம்பி மூன்று வாரமாகத் தூங்கவில்லை, தனியாகப் பேசுகிறான். தர்காவில் தங்க வைத்தால் போதுமா, மாத்திரையும் வேண்டுமா?
– ஏர்வாடி அருகே

இரண்டும் இருக்கட்டும். துவா மனதைத் தாங்கும். தூக்கமின்மையும் தனிப்பேச்சும் மூளை நோயின் அறிகுறியாக இருக்கலாம், அதற்கு மாத்திரை வேண்டும். காத்திருக்காமல் இந்த வாரமே ராமநாதபுரம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். எப்போது தொடங்கியது, எத்தனை மணி நேரம் தூங்குகிறான், குடி, கஞ்சா உண்டா, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மருந்து நன்றாகப் பிடிக்கச் சில வாரம் ஆகும். நல்லாகிவிட்டான் என்று நீங்களாக நிறுத்தினால் திரும்பவும் வரும்.

எந்த நிலையிலும் சங்கிலி மட்டும் வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017-ன் மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்திருக்கிறது. நடு ராத்திரியில் நிலைமை கைமீறினாலோ, சாகப்போகிறேன் என்று சொன்னாலோ 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். அதுவரை பூச்சிமருந்து, கத்தி, கயிறு எதுவும் அவன் கைக்கெட்டாமல் எடுத்து வையுங்கள், தனியாக விடாதீர்கள்.