அவ்வாவின் தெலுங்கு (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

எனக்குப் பதினேழு வயது. பெரம்பூரில் இருக்கிறோம். பிளஸ் டூ படிக்கிறேன். எனக்கு ஐந்து மொழிகள் தெரியும். தமிழ், ஆங்கிலம், பிரச்சார சபா தேர்வுகளில் ராஷ்ட்ரபாஷா வரை எழுதிய இந்தி, மதிப்பெண்ணுக்காகப் பிளஸ் ஒன்னில் தமிழுக்குப் பதில் எடுத்த பிரெஞ்சு, ஒரு வருடமாகச் செல்பேசியில் நானே கற்றுவரும் கொரிய மொழி. அடுத்து ஜப்பானிய மொழியை இப்போதே தொடங்கலாமா, கொரிய மொழி நன்றாக வந்த பிறகு தொடங்கலாமா? ஒரே நேரத்தில் இரண்டு கற்றால் குழம்பும் என்கிறார்கள். பதின்ம வயது தாண்டினால் உச்சரிப்பு வராது என்றும் சொல்கிறார்கள். கொரிய மொழியில் அம்மாவை 'ஒம்மா' என்றும் அப்பாவை 'அப்பா' என்றும் சொல்வதைப் பார்த்தால், அது தமிழிலிருந்து போனது என்பது உண்மைதான் போலிருக்கிறது. வீட்டில் அவ்வாவோடு (பாட்டி) தெலுங்கு பேசுவோம். அது கொச்சைத் தெலுங்கு, எழுதப் படிக்கவும் தெரியாது. அதனால் கணக்கில் சேர்க்கவில்லை.

க.

அன்புள்ள க.,

முதலில் உங்கள் கேள்விகளை முடித்துவிடுகிறேன். ஜப்பானிய மொழியை நாளைக்கே தொடங்குங்கள். கொஞ்ச நாள் குழம்பும், பிறகு தெளியும். சௌகார்பேட்டையில் மொத்த வியாபாரக் கடைகளில் கணக்கு எழுதும் பையன்கள் ஒரு மணி நேரத்தில் நான்கு மொழிகளில் பேசுகிறார்கள். யாருக்கும் தலை சுற்றியதாக நான் கேள்விப்படவில்லை. உச்சரிப்பைச் சிறு வயதில் பிடிப்பது எளிது என்பது சரி. பதினேழு வயதில் உங்களுக்கு அந்தக் கவலை எதற்கு? பிரெஞ்சு எடுத்தது பற்றி நான் ஒன்றும் சொல்வதாக இல்லை.

கொரிய மொழி தமிழிலிருந்து போனது என்பதை மட்டும் இனி யாரிடமும் சொல்லாதீர்கள். குழந்தையின் உதடு முதலில் சேர்ந்து பிரியும்போது வரும் ஒலிகள் மகரமும் பகரமும். உலகமெங்கும் பெற்றவர்கள் அந்த ஒலிகளைத் தங்கள் பெயராக எடுத்துக்கொண்டார்கள். ஹீப்ரு மொழியில் தந்தை 'அப்பா', தாய் 'இம்மா'. ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் தந்தை. இதை வைத்து உறவு கொண்டாடத் தொடங்கினால் உலகத்தில் யாரும் மிஞ்ச மாட்டார்கள். மொழிகளின் உறவு இரண்டு சொற்களின் சாயலில் இல்லை, ஒலிகள் ஒழுங்காக மாறும் முறையில் இருக்கிறது.

அந்த ஒழுங்கை நான் உங்களைவிடச் சிறியவளாக இருந்தபோது பார்த்தேன். திருவல்லிக்கேணியில் பக்கத்து வீட்டில் கன்னடம் பேசும் குடும்பம். அந்த வீட்டுப் பெண் என் வகுப்பு. பாலை 'ஹாலு' என்பாள், பல்லை 'ஹல்லு' என்பாள், புலி 'ஹுலி'. ஒரு நாள் மாலை கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருவரும் எழுதிக்கொண்டே போனோம். பூ 'ஹூவு', பெயர் 'ஹெசரு', பத்து 'ஹத்து'. பக்கம் நிறைந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் பகரம் அவர்களிடம் போய் ஹகரமாகிறது என்று தெரிந்ததும், தெரியாத கன்னடச் சொல்லைக்கூட ஊகிக்க முடிந்தது. பழைய கன்னடத்தில் பாலும் புலியும் நம்மைப் போலப் பகரத்தில்தான் தொடங்கின என்பதைப் பல வருடங்கள் கழித்துப் படித்தேன்.

இப்படிச் சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிப் பார்க்கும் வேலையை முறையாகச் செய்ததும் இந்த ஊர்தான். 1812-இல் இங்கே தொடங்கப்பட்ட புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில், கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் கற்பித்தார்கள். அதை முன்னின்று நடத்திய எல்லிஸ், 1816-இல் வெளிவந்த கேம்பெலின் தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதிய குறிப்பில் தமிழ், தெலுங்கு, கன்னட வேர்ச்சொற்களை அடுக்கி, இவை ஒரே குடும்பம் என்று காட்டினார். கால்டுவெலின் ஒப்பிலக்கணம் வந்தது 1856-இல், அதற்கு நாற்பது வருடம் கழித்து. எல்லிஸுக்குத் துணை நின்றவர்கள் பட்டாபிராம சாஸ்திரி போன்ற கல்லூரிப் பண்டிதர்கள்.

உங்கள் அவ்வா கோழியைக் 'கோடி' என்கிறாரா? ஏழு என்ற எண்ணை 'ஏடு' என்கிறாரா? நம் ழகரம் அவரிடம் டகரமாக இருக்கிறது. எல்லிஸ் தேடிய சான்று உங்கள் சமையலறையில் நடமாடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் சியோலில் உறவு தேடுகிறீர்கள்.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஐந்து மொழிகளை எண்ணிவிட்டு ஆறாவதைக் 'கணக்கில் சேர்க்கவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். யாருடைய கணக்கு அது? சான்றிதழ் கொடுத்தால்தான் மொழியா? பிரெஞ்சில் உங்களை யாராவது திட்டினால் அகராதியைப் பார்த்த பிறகுதான் வலிக்கும். தெலுங்கில் அவ்வா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு சொல் சொன்னால் அன்றைக்குச் சோறு இறங்காது. அதைப் போய் விட்டுவிட்டீர்களே!

'கொச்சை' என்ற சொல்லை எங்கே கற்றீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அதே இடத்தில்தான் கற்றேன். எங்கள் வீட்டிலும் தெலுங்குதான். எனக்குப் பன்னிரண்டு வயதில் ஹைதராபாத்தில் ஓர் உறவினர் கல்யாணத்துக்குப் போனோம். அம்மா எதையோ செய்துவிட்டதாகச் சொல்ல, 'சேஸ்தினி' என்றார். 'சேசானு' என்று பேசும் அந்தப் பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி அதைத் திரும்பச் சொல்லிக் காட்டினாள். அம்மா அந்தக் கல்யாணம் முடியும்வரை ஒரு வார்த்தை தெலுங்கு பேசவில்லை. தமிழ் தெரியாத அந்த வீட்டில், கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

பழைய தெலுங்குக் கவிதையில் 'சேசிதினி' என்று வருகிறது. அம்மாவின் 'சேஸ்தினி' அதன் சுருங்கிய வடிவம். அவர் பிழையாகப் பேசவில்லை. சிரித்தவர்கள் விட்டுவிட்டதை அவர் வைத்திருந்தார். இதை நான் தெரிந்துகொண்டபோது அம்மா இல்லை.

தமிழ்நாட்டுத் தெலுங்கு என்றால் ஏதோ வழிதவறி வந்தது என்று நினைக்காதீர்கள். தியாகராஜர் திருவாரூரில் பிறந்து திருவையாற்றில் வாழ்ந்தவர். மார்கழியில் மயிலாப்பூர் சபாக்களில் அவர் கீர்த்தனைகளுக்குத் தாளம் போடுகிறவர்களில் பலருக்குப் பொருள் தெரியாது. உங்கள் அவ்வாவை அழைத்துப் போய் உட்காரவைத்தால் அவருக்குத் தெரியும்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1979-இல் எனக்குப் பதினைந்து வயது. பைகிராப்ட்ஸ் சாலையிலிருந்து (இன்றைய பாரதி சாலை) பிரியும் சந்தில் ஒரு தையற்கடை. கடைக்காரரை பாய் என்று கூப்பிடுவோம், அவர் என்னை பேட்டி (மகளே) என்பார். பாவாடைக்கு அளவு கொடுக்கப் போன நாளில் சுவரில் இருந்த நாட்காட்டியின் உருது எழுத்தைக் காட்டி அது என்ன என்று கேட்டேன். அவர் கறுப்புத் துணித் துண்டு ஒன்றை மேசையில் விரித்தார். கோடு போடும் சாக்குக்கட்டியால் படகு போல ஒரு வளைவு வரைந்தார். டப்பாவிலிருந்து வெள்ளைச் சட்டைப் பித்தான் ஒன்றை எடுத்துப் படகின் கீழே வைத்து 'பே' என்றார். கீழே மூன்று வைத்து மறுபடியும் 'பே' என்றார். என் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். முதலாவது பம்பரத்தின் நடுவில் வரும் ஒலி, இரண்டாவது பம்பரத்தின் தொடக்கத்தில் வரும் ஒலி. பித்தான்களை மேலே மாற்றி இரண்டு வைத்தால் 'தே', மூன்று வைத்தால் 'சே'. ஒரே படகு, பித்தான்கள் இடம் மாற மாற வேறு வேறு எழுத்து. ஒரு மழைக்காலம் முழுவதும் பள்ளி விட்டதும் அங்கே போய் நின்றேன்.

அவர் வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்பார், ஆமாம் என்பதற்கு 'ஹௌ' என்பார். அந்த நக்கோவை நான் இந்தி வகுப்பில் சொல்லிவிட்டேன். மாடி வீட்டு மாமிதான் எங்களுக்கு மத்தியமா தேர்வுக்குச் சொல்லிக்கொடுத்தார். "அது தப்பு இந்தி, அங்கெல்லாம் போகாதே" என்றார். மறுநாள் பாயிடம் அதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. தையல் இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் நிறுத்திவிட்டு, "மாமி சொல்வது சரிதான் பேட்டி. நாங்கள் பேசுவது நல்ல உருது இல்லை. லக்னோக்காரர்கள் பேசுவதுதான் உருது" என்றார். அதன்பின் எனக்குச் சொல்லித்தரும்போது ஒவ்வொரு சொல்லையும் யோசித்து யோசித்துப் பேசினார். அந்தத் தயக்கத்தை நான்தான் அவருக்குக் கொடுத்தேன்.

அவர் பேசியது தக்கனி, தக்காணத்து உருது. ஹைதராபாத் நகரத்தை உருவாக்கிய கோல்கொண்டா சுல்தான் முகம்மது குலி குதுப் ஷா, அக்பர் காலத்து மனிதர், தன் கவிதைகளில் பெரும்பாலானவற்றை அந்த மொழியில்தான் எழுதினார். லக்னோவில் உருதுக் கவிதை தழைத்தது அதற்கு வெகுகாலம் கழித்து. ஒரு சுல்தான் காதல் கவிதை எழுதிய மொழிக்காகத் திருவல்லிக்கேணியில் ஒரு தையற்காரர் பதினைந்து வயதுப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கும் குரலில் பேசினார். இப்போது நீங்கள் உங்கள் அவ்வாவுக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்கிறீர்கள். நான் ஏன் கோபப்படுகிறேன் என்று புரிகிறதா, க.?

உங்களுக்கு இதையெல்லாம் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது என் பெத்தம்மாவின் (பெரியம்மா) டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அவரை நெல்லூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அம்மா அவருக்கு எழுதிய இன்லேண்ட் கடிதங்கள் ஒரு கட்டாக இருந்தன. அம்மாவுக்கும் தெலுங்கு எழுதத் தெரியாது, உங்களைப் போலவே. தமிழ் எழுத்தில் தெலுங்கை எழுதியிருக்கிறார். 'மேமந்தா பாகுன்னாமு' என்று ஒவ்வொரு கடிதமும் தொடங்குகிறது. நாங்கள் எல்லோரும் நலம். எந்தக் ககரத்தை எப்படி ஒலிப்பது என்று எழுத்தில் இல்லை, படிக்கிறவரின் காதில் இருந்தது. என் மகனிடம் காட்டினேன். எழுத்துக் கூட்டி எல்லாவற்றையும் வாசித்தான், ஒன்றும் விளங்கவில்லை. அவனுக்கு நான் தெலுங்கு கொடுக்கவில்லை. பள்ளியில் குழம்புவான் என்று யாரோ சொன்னதைக் கேட்டேன்.

கடைசிக் கடிதம் 1991-இல், பெத்தப்பா இறந்த பிறகு எழுதியது. அதில் மட்டும் 'மேமந்தா' இல்லை. 'மனமந்தா இக்கடே உந்தாமு' என்று இருக்கிறது. மேமு என்றால் நாங்கள், மனமு என்றால் நாம். உங்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் பிரெஞ்சிலும் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒற்றைச் சொல் கிடையாது. நாம் எல்லோரும் இங்கேயே இருப்போம். பெத்தம்மா அந்த மாதமே பெட்டியோடு வந்து சேர்ந்தார், கடைசிவரை எங்களோடுதான் இருந்தார்.

உங்களிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. நேற்றுக் கடைக்குப் போனேன் என்பதை அவ்வாவிடம் சொல்லச் சொல்லுங்கள். எதற்கு என்று சொல்லாமல் கேளுங்கள், இல்லாவிட்டால் திருத்திப் பேசிவிடுவார். 'போதினி' என்கிறாரா, 'வெள்ளானு' என்கிறாரா? எனக்கு எழுதுங்கள்.