தண்ணீரிலும் ஓடும் பழைய ஆறு சக்கர வண்டிகள்: கேள்வி பதில்

1960, 70களில் கனடாவிலும் அமெரிக்காவிலும் தயாரான, நிலத்திலும் நீரிலும் ஓடும் சின்ன ஏடிவிகளை (கரடுமுரடான தரைக்கான வண்டிகளை)ப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

கேள்வி: அண்ணா, ஒண்டாரியோவில் ஒரு பண்ணைக் கொட்டகையில் ஆறு சக்கர வண்டி ஒன்று கிடைத்தது. பெயர்த் தகடு இல்லை, எஞ்சினில் ஜேஎல்ஓ என்று இருக்கிறது. என்ன வண்டி?

எஞ்சினை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒரே எஞ்சினைப் பல கம்பெனிகள் வாங்கிப் போட்டன. ஐம்பது வருடத்தில் யார் எதை மாற்றினார்களோ! கியர்பாக்ஸைப் பாருங்கள். போர்க்-வார்னர் டி-20 என்றால் மேக்ஸ், அட்டெக்ஸ் என்ற வண்டிகளின் பக்கம் தேடலாம். ஒண்டாரியோ என்பதால் இன்னும் இரண்டு பெயரை மனதில் வையுங்கள்: இந்த வகைக்கே முன்னோடியான ஜிகர், 1968 வரை வந்தது, நியூ ஹாம்பர்க்கில் 1967இல் தொடங்கிய ஆர்கோ. எட்டுச் சக்கரம் இருந்திருந்தால் முதலில் ஆர்கோ என்றே சொல்லியிருப்பேன். நாலே சக்கரம், நடுவில் முறுக்கிக்கொள்ளும் இரும்பு உடம்பு என்றால் அது 'கூட்' (Coot) என்ற வண்டி.

இன்னொரு வழி. இருட்டியபின் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து பாடியின் மேல் அடியுங்கள். ஸ்டிக்கர் ஒட்டியிருந்த இடம் வெயிலில் அவ்வளவாக வெளுத்திருக்காது, எழுத்தின் தடம் தெரியும். மேலே பெயின்ட் அடித்திருந்தால் சீட்டுக்கு அடியில் பாருங்கள். பிளாஸ்டிக்கிலேயே கலந்த அசல் நிறம் அங்கே இருக்கும்.

கேள்வி: ஆம்பிகேட், ஆம்பிகார் இரண்டும் ஒன்றா?

இல்லை. ஆம்பிகார் 1960களின் ஜெர்மன் கார். பின்னால் இரண்டு புரொப்பெல்லர் உண்டு. ஆம்பிகேட் அமெரிக்காவின் மிசிசிப்பியில் மேக்னா அமெரிக்கன் தயாரித்த ஆறு சக்கர வண்டி. தண்ணீரில் டயரே துடுப்பு. 'ஸ்பேஸ்: 1999' என்ற டிவி தொடரில் நிலவில் ஓடியது இதுதான்.

கேள்வி: பாடியில் ஒரு முழ நீளத்துக்கு விரிசல். முன்பு வைத்திருந்தவர் ஃபைபர் கிளாஸ் ஒட்டியிருக்கிறார், அது தோலாக உரிகிறது. நானும் அதையே ஒட்டலாமா?

முதலில் அது என்ன பிளாஸ்டிக் என்று பாருங்கள். தெரியாத இடத்திலிருந்து நகம் அளவு சீவி, ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு கலந்த தண்ணீரில் போட்டு அமுக்கி விடுங்கள். மிதந்து மேலே வந்தால் பாலிஎத்திலீன், மூழ்கினால் பெரும்பாலும் ஏபிஎஸ். சோப்பு எதற்கென்றால், அது இல்லாமல் எந்தச் சீவலும் நீரின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்கும். மூழ்கிய சீவலில் ஒரு துளி அசிட்டோன் விடுங்கள். விரலில் பிசுபிசுத்தால் ஏபிஎஸ்தான்.

ஏபிஎஸ் என்றால் உங்களுக்கு யோகம். ஏபிஎஸ் துண்டுகளை அசிட்டோனில் ஊறவைத்துக் கூழாக்குங்கள். விரிசலின் இரு முனையிலும் 3 மி.மீ. துளை போடுங்கள், இல்லையென்றால் அது மேலும் ஓடும். உள்பக்கம் ஏபிஎஸ் தகடு ஒன்றை அந்தக் கூழால் ஒட்டி, பிறகு வெளியே நிரப்புங்கள். அசிட்டோன் சட்டென்று பற்றும். கதவைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

பாலிஎத்திலீனில் சாதாரணப் பசை எதுவும் நிற்காது, உங்களுடையது உரிவது அதனால்தான் என்று நினைக்கிறேன். அதே வகைக் குச்சியை வைத்து வெப்பக்காற்றால் வெல்டிங் செய்ய வேண்டும். எஞ்சினில் பணம் போடுவதற்கு முன் இந்த வேலையை முடியுங்கள். எஞ்சின் எங்காவது கிடைக்கும், பாடி கிடைக்காது.

கேள்வி: டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் கையால் சுற்றுகிறது. ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

ஆசை புரிகிறது, பொறுங்கள். கிராங்க் சீல் (எஞ்சின் தண்டைச் சுற்றிக் காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) காய்ந்திருந்தால் அந்த வழியாகக் காற்று நுழையும், பெட்ரோல்-ஆயில் கலவை மெலியும், பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். சீலை மாற்றிவிட்டு, கார்புரேட்டரையும் கழுவிய பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.

கேள்வி: நேராக விட்டாலும் வலது பக்கமே இழுக்கிறது. பிரேக் பேண்டை (ஒரு பக்கச் சக்கரங்களைப் பிடித்து வண்டியைத் திருப்பும் பட்டையை) எத்தனை முறை சரிசெய்தாலும் போகவில்லை.

டேப்பை எடுத்து ஆறு டயரின் சுற்றளவையும் அளந்து பாருங்கள். ஒரு பக்கத்துச் சக்கரங்கள் எல்லாம் செயினால் கட்டுண்டு சேர்ந்தே சுற்றுபவை. வலது பக்க டயர் சிறிதாக இருந்தால் அந்தப் பக்கம் குறைவாக நகரும், வண்டி வலதுபுறம் திரும்பும். ஒரே பக்கத்தில் பெரிதும் சிறிதும் கலந்திருந்தால் ஒன்றையொன்று இழுத்துச் செயினைத் தின்றுவிடும். இந்த டயர்களுக்குக் காற்று 2, 3 பிஎஸ்ஐதான். கார் கேஜில் அது சரியாகத் தெரியாது. 10 பிஎஸ்ஐ வரை மட்டும் காட்டும் கேஜ் வாங்குங்கள்.

கேள்வி: செயின் தேய்ந்ததா என்று எப்படித் தெரியும்?

அரை அங்குலப் பிட்ச் (ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு உள்ள தூரம்) செயினில் 24 கண்ணி 305 மி.மீ. இருக்க வேண்டும். 311 வந்தால் மாற்றிவிடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் பிரேக் கியர்பாக்ஸ் பக்கம்தான் இருக்கிறது. இறக்கத்தில் செயின் அறுந்தால் அந்தப் பக்கம் பிரேக்கும் போச்சு.

கேள்வி: பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு ஃபோர்-ஸ்ட்ரோக் போடலாமா?

தாராளமாக. ஆனால் அது கனமாக இருந்தால் தண்ணீரில் வண்டி ஒரு பக்கம் தாழும். முதல் தடவை இடுப்பளவு ஆழத்தில், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, கரையில் ஒருவர் கயிறு பிடிக்க இறக்குங்கள். அடியில் உள்ள வடிகால் மூடியை மாட்டியாயிற்றா என்று அதற்கு முன் பாருங்கள். கழற்றிய எஞ்சினை ஆயில் விட்டு ஒரு பெட்டியில் வைத்துவிடுங்கள். நாளைக்கு வண்டியை விற்க நேர்ந்தால், வருகிறவர் அசல் எஞ்சின் எங்கே என்று கேட்பார்.