அண்ணாச்சி பதில்கள்: செக் எந்தத் தேதியில் கைக்கு வருகிறது?

கேள்வி: அண்ணாச்சி, தாராவி 90 அடி ரோடு பக்கம் 6 பேரை வைத்து லெதர் பை தைக்கிறேன். மும்பை பாந்த்ரா-குர்லா ஆபீஸ் வட்டாரமான பி.கே.சி.யில் ஒரு பெரிய கம்பெனி தீபாவளிக்கு 800 ஆபீஸ் பை கேட்கிறது. ரிசப்ஷன் சுவரில் ‘நேர்மையே எங்கள் மூலதனம்’ என்று பித்தளை எழுத்தில் பதித்திருக்கிறார்கள். பணம் மட்டும் 90 நாள் கழித்துத்தானாம். நம்பி இறங்கலாமா?
– பெயர் வேண்டாம், தாராவி

பதில்: தம்பி, 31 வருடம் நான் உட்கார்ந்திருந்தது பில் பாஸ் பண்ணுகிற மேசையில். அதனால் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிற பழக்கம் எனக்குப் போய்விட்டது.

என் கம்பெனியில் மார்ச் கடைசி வாரம் செக் எல்லாம் அச்சாகி, கையெழுத்தாகி வந்துவிடும். புத்தகத்தில் பணம் கொடுத்ததாகப் பதிவும் ஆகிவிடும். ஆனால் செக் வெளியே போகாது. ரப்பர் பேண்டு போட்டு என் இடது பக்க இழுப்பறையில் கிடக்கும். அட்டைப் பெட்டி சப்ளை செய்த ஒரு பெரியவர் மாலாடிலிருந்து வாராவாரம் ரயில் ஏறி வருவார். “சாப், க்யா ஹுவா?” (சார், என்ன ஆச்சு?) என்பார். “சைன் ஆகவில்லை” என்பேன். சைன் ஆன செக் அவர் முழங்கைக்கு அரை அடி தள்ளித்தான் இருக்கும். தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவார். முதலாளிக்குப் பழக்கமான பார்ட்டிகளுக்கு மட்டும் ஒரே வாரத்தில் பேமென்ட். அந்த வருட ஆண்டறிக்கையின் அட்டையில் நாங்கள் மரக்கன்று நடுகிற படம். நானும் அதில் இருக்கிறேன், மண்வெட்டியோடு.

சரி, உங்கள் விஷயம். நீங்கள் உத்யம், அதாவது சிறுதொழில்காரருக்கான மத்திய அரசுப் பதிவு, செய்திருக்கிறீர்களா? இல்லையென்றால் ஆர்டர் எடுக்கும் முன்பே செய்துவிடுங்கள், கட்டணம் கிடையாது. 2006-ம் ஆண்டின் சிறுதொழில் சட்டப்படி, குறு, சிறு தொழில்காரருக்கு 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால் 15 நாள். அவர்கள் 90 என்று எழுதி நீங்கள் கையெழுத்தே போட்டாலும் அந்த 90 செல்லாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற ‘பேங்க் ரேட்’ என்ற வட்டி விகிதத்தைப் போல 3 மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. (அந்த வட்டியைக் கேட்டு வாங்கிவிட்டு அதே பார்ட்டியிடம் அடுத்த ஆர்டரும் வாங்கியவரை நான் பார்த்ததில்லை. அது வேறு கதை.) 2024 ஏப்ரல் முதல் வருமான வரியிலும் ஒரு பிடி இருக்கிறது. கெடு தாண்டி நிற்கிற பாக்கியைக் கம்பெனி அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது, கொடுத்த பிறகுதான் காட்டலாம். கணக்குப் பிள்ளைகள் இதற்குத்தான் பயப்படுகிறார்கள்.

ஆகவே பர்ச்சேஸ் ஆபீசரிடம் போய், “உத்யம் இருக்கிறது சார், 45 நாள் என்று போட்டுக்கொள்ளலாமா?” என்று சாதாரணமாகக் கேளுங்கள். அவர் முகத்தைப் பாருங்கள். நம்பரைக் கொடுங்கள் என்று குறித்துக்கொண்டால் அது ஒழுங்கான வீடு. “அதெல்லாம் வேண்டாம், பதிவு இல்லை என்று ஒரு லெட்டர் கொடுங்கள்” என்றால் எழுந்து வந்துவிடுங்கள், 800 பை போனால் போகட்டும்.

இன்னும் சந்தேகம் இருந்தால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டி அவர்கள் தாக்கல் செய்த பேலன்ஸ் ஷீட்டைப் பார்க்கலாம். ‘டிரேட் பேயபிள்ஸ்’, அதாவது சப்ளை செய்தவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி, என்று ஒரு குறிப்பு இருக்கும். குறு, சிறு தொழில்காரருக்குள்ள பாக்கி தனியாக, எத்தனை வருடப் பழசு என்ற கணக்கோடு இருக்கும். இரண்டு, மூன்று வருடக் கட்டத்தில் தொகை நின்றால் உங்களைப் போல யாரோ ஒருவர் இன்னும் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார்.

ஒன்று மறக்காதீர்கள். பை இறக்குகிற அன்றே டெலிவரி சலானில் சீலும் தேதியும் வாங்குங்கள். 15 நாளுக்குள் அவர்கள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் கெடு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். சீலை ஒரு வாரம் தள்ளிப் போடுவது பழைய வித்தை. நானே போட்டிருக்கிறேன். தோல் வாங்கும் செலவுக்கு முன்பணமும் கேளுங்கள்.

கேள்வி: பள்ளிக்கூடம் கட்டித் தருகிறார்கள், விருதும் வாங்குகிறார்கள். அப்படிப்பட்ட கம்பெனியை நல்ல கம்பெனி என்று சொல்லலாம்தானே?
– ஒரு வாசகர், மாட்டுங்கா

பதில்: பள்ளிக்கூடம் வந்தால் நல்லதுதான், யார் வேண்டாம் என்றது? ஆனால் 2013 கம்பெனிச் சட்டப்படி ஒரு அளவுக்கு மேல் பெரிய கம்பெனிகள் 3 ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை இப்படிச் செலவழித்தே ஆக வேண்டும். சட்டத்துக்குச் செய்வதற்கு மாலை எதற்கு? விருதுக்கு வருவோம். சத்யம் என்ற ஹைதராபாத் சாஃப்ட்வேர் கம்பெனிக்கு 2008 செப்டம்பரில் நல்ல நிர்வாகத்துக்கான கோல்டன் பீகாக் விருது கிடைத்தது. 2009 ஜனவரி 7-ம் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு கடிதம் எழுதினார்: புத்தகத்தில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்கத்தில் 5,040 கோடி இல்லவே இல்லை. விருதைத் திரும்பப் பெற்றார்கள்.

கேள்வி: மகளுக்கு லோயர் பரேலில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் நன்றாக இருக்கிறது. கம்பெனி எப்படி என்று பெண்ணைப் பெற்றவள் எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு அம்மா, செம்பூர்

பதில்: அம்மா, முதலில் பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதி. மாதப் பி.எஃப். அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். அதை நடத்துகிற அரசு அமைப்பான இ.பி.எஃப்.ஓ.வின் தளத்தில் கம்பெனி பெயரைப் போட்டுத் தேடினால் எந்த மாதம் எத்தனை பேருக்குக் கட்டினார்கள் என்று தெரியும். 300 பேர் என்று பேட்டியில் பெருமை பேசிவிட்டு 60 பேருக்குக் கட்டியிருந்தால் மீதிப் பேர் எங்கே என்று கேட்க வேண்டியதுதான்.

பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கிற உள் குழு 10 பேரோ அதற்கு மேலோ இருக்கிற எந்த ஆபீசிலும் சட்டப்படி இருக்க வேண்டும். அதன் தலைவி யார் என்று மகளை எச்.ஆரிடம் ஈமெயிலில் கேட்கச் சொல்லுங்கள். ஒரு நாளில் பெயர் வந்தால் சரி. “அது எதற்கு இப்போது?” என்று வந்தால் யோசிக்க வேண்டும்.

அப்புறம், சேருவதற்கு முன் ஒரு தடவை சாயங்காலம் அந்தக் கட்டடத்துக்குப் போங்கள். அங்கே துடைக்கிற பெண்களும் வாட்ச்மேனும் ஒப்பந்தக்காரரின் ஆட்களாகத்தான் இருப்பார்கள். தாராவியிலிருந்தோ கோலிவாடாவிலிருந்தோ வருகிற நம்மூர் அம்மா ஒருவர் அகப்பட்டால் டீ வாங்கிக் கொடுத்து, போன மாதச் சம்பளம் எந்தத் தேதியில் வந்தது என்று கேளுங்கள். தேதியைச் சட்டென்று சொன்னார் என்றால் மகளை அனுப்பி வையுங்கள்.