கஞ்சிக்கோட்டுத் தங்கச்சிக்கு: பெர்ஷியன் பூனை வளர்க்க என்ன ஆகும்?

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். விருதுநகரிலிருந்து கேரளத்தில் பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு மலையாளம் பிடிபடவில்லை, பள்ளியில் தோழிகள் இல்லை. சாயங்காலம் முழுக்கப் பக்கத்து வீட்டுப் பெர்ஷியன் பூனையோடுதான் இருக்கிறாள், தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறாள். ஒற்றப்பாலத்தில் ஒருவர் 8,000 ரூபாய்க்குக் குட்டி தருவதாகச் சொல்கிறார், அதோடு செலவு முடிந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். மாடி வாடகை வீடு, வீட்டில் சைவம், கணவருக்கு ஷிப்ட் வேலை என்றும் எழுதியிருந்தீர்கள்.

செலவு அதோடு முடியவில்லை. அங்கேதான் தொடங்குகிறது.

நான் உடுமலைக்காரி. கொழிஞ்சாம்பாறைக்கு வந்து 19 வருஷம் ஆகிறது. இந்தப் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகா எல்லையோரத்தில் கடைவீதியில் தமிழே போதும். ஆனால் கரண்ட் பில்லிலிருந்து ஆஸ்பத்திரிப் பலகை வரை எல்லாம் மலையாளம். என் மகளும் உங்கள் பெண்ணைப் போலவே வாயே திறக்க மாட்டாள். பூனை வந்த பிறகுதான் பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் போய் "பூச்சய்க்கு எந்தா கொடுக்கண்டே" (பூனைக்கு என்ன கொடுக்க வேண்டும்) என்று அரைகுறையாகக் கேட்க ஆரம்பித்தாள். ஆகவே உங்கள் மகளின் ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது. வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நான் செய்த தவறை நீங்கள் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் முதல் குட்டி அம்மு. 7,000 ரூபாய் கொடுத்து வாங்கினோம். ஊசி போட்டாயிற்று என்று விற்றவர் ஒரு அட்டையைக் கையில் கொடுத்தார். தேதி எழுதியிருந்தது, பார்த்ததும் திருப்தி. வீட்டுக்கு வந்த நான்காம் நாள் சாப்பாட்டை விட்டது, அப்புறம் வாந்தி, பேதி. டாக்டர் அட்டையைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஸ்டிக்கர் எங்கே?" ஊசி மருந்துக் குப்பியில் இருக்கும் சின்ன ஸ்டிக்கரை, பேட்ச் எண்ணோடு, அட்டையில் ஒட்டி டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் போட வேண்டும். எங்கள் அட்டையில் பேனாவால் எழுதிய தேதி மட்டும்தான். குட்டிக்கு வந்தது பான்லூக்கோபீனியா. நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ நோய் மாதிரி பூனைக்குட்டிகளுக்கு இது. ஐந்து நாள் டிரிப்ஸ் ஏற்றினோம், 6,000 ரூபாய்க்கு மேல் போயிற்று. ஆறாம் நாள் காலையில் அம்மு இல்லை. என் மகள் இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தக் கிருமி வீட்டுத் தரையிலும் துணியிலும் ஒரு வருஷம் வரைகூட உயிரோடு இருக்கும் என்று டாக்டர் சொன்னதால், பிளீச்சிங் போட்டுத் தேய்த்துக் கழுவி, வேறு குட்டி வாங்க ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தோம்.

இப்போது இருப்பவன் குட்டன். எட்டு வயது. திருச்சூர்ப் பக்கம் ஒரு வீட்டில் தாய்ப் பூனையையும் குட்டிகளையும் ஒன்றாகப் பார்த்துவிட்டுத்தான் எடுத்து வந்தோம். அன்றிலிருந்து யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன்: தாயைக் காட்டாதவரிடம் வாங்காதீர்கள். பேருந்து நிலையத்தில் கூடையில் கொண்டு வந்து தருகிறேன் என்பவரிடம் கட்டாயம் வேண்டாம். எட்டு வாரம் ஆகாத குட்டியை எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுக்காதீர்கள்.

விற்பவர்கள் பேசும் பாஷையையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். "டால் ஃபேஸ்" என்றால் மூக்கு கொஞ்சம் நீண்டது. "செமி பஞ்ச்", "பஞ்ச் ஃபேஸ்" என்று போகப் போக முகம் தட்டையாகும், விலை ஏறும். நான் இந்தப் பக்கம் கேட்டவரை டால் ஃபேஸ் 7,000 முதல் 12,000 வரை, பஞ்ச் ஃபேஸ் 20,000-ஐத் தாண்டும். ஆனால் தட்டை முகத்துக்குக் கண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும், தினமும் துடைக்க வேண்டும், வெயில் காலத்தில் மூச்சுத் திணறும். நம் பாலக்காட்டில் மார்ச், ஏப்ரலில் 40 டிகிரி வரை அடிக்கும் வெயிலுக்கு அந்த முகம் பெரிய பாவம். அதிகப் பணம் கொடுத்து அதிகக் கஷ்டத்தை வாங்க வேண்டாம் என்பது என் முடிவான கருத்து. "ட்ரிபிள் கோட்" என்பார்கள். அது வியாபாரப் பேச்சு. பெர்ஷியனுக்கு இரண்டு அடுக்கு முடிதான்.

"பேப்பர் இருக்கு" என்றால் எந்தப் பேப்பர் என்று கேளுங்கள். கே.சி.ஐ. பேப்பர் என்று ஒருவர் என்னிடமே சொன்னார். கென்னல் கிளப் ஆஃப் இந்தியா நாய்களுக்கான அமைப்பு. பூனையின் வம்சாவளிப் பத்திரம் டிக்கா, டபிள்யூ.சி.எஃப். போன்ற பூனைச் சங்கங்கள் வழியாக வருவது. 8,000 ரூபாய் குட்டிக்கு அப்படி எதுவும் இருக்காது. கண்காட்சிக்கு அனுப்பப் போவதில்லை என்றால் அது இல்லாமல் போனாலும் நஷ்டமில்லை. அதைவிட உபயோகமான கேள்வி ஒன்று உண்டு. பெர்ஷியன் வம்சத்தில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வரும் பரம்பரை நோய் இருக்கிறது, பி.கே.டி. என்பார்கள். தாய் தகப்பனுக்கு ஸ்கேனோ மரபணுச் சோதனையோ செய்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்வார்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு அவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

சரி, செலவுக் கணக்குக்கு வருவோம். என் நோட்டில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். உங்கள் பக்கம் கொஞ்சம் கூடலாம், குறையலாம். மூன்று நோய்களுக்குச் சேர்த்துப் போடும் ட்ரைகேட் ஊசி ஒரு தடவைக்கு ஏறக்குறைய 1,000 ரூபாய். குட்டிக்கு 3 அல்லது 4 வார இடைவெளியில், பதினாறு வாரம் வரை திருப்பித் திருப்பிப் போட வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. பூச்சி மருந்தும் சேர்த்து 3,500 வைத்துக்கொள்ளுங்கள். கருத்தடை ஆபரேஷன், பெண் குட்டி என்றால் 5,500. கூடை, பூனை மலஜலம் கழிக்க மணல் தட்டு, பிராண்ட நகக்கட்டை, சீப்பு எல்லாமாக 3,500. தீனி வருஷத்துக்கு 10,000. மணல் 7,000. குளிப்பாட்டிச் சிக்கு எடுக்க வருஷத்தில் மூன்று நான்கு தடவை கொடுத்தால் 3,000. ஊருக்குப் போகும்போது விட்டுப்போக பத்து நாளைக்கு 4,000. கூட்டிப் பாருங்கள்: குட்டி விலை இல்லாமலே முதல் வருஷம் 36,500. அடுத்த வருஷத்திலிருந்து 25,000-ஐ ஒட்டி நிற்கும், மாதம் 2,100 ரூபாய். நன்றாக வளர்த்தால் 12 முதல் 15 வருஷம் இருக்கும். உங்கள் மகள் கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் அது உங்கள் வீட்டில்தான் இருக்கும்.

இதில் நோய் வந்தால் ஆகும் செலவைச் சேர்க்கவில்லை. குட்டனுக்கு ஒரு தடவை சிறுநீர் அடைத்துக்கொண்டது. மணல் தட்டில் போய் உட்கார்ந்து முக்குகிறான், சொட்டுகூட வரவில்லை. ஆண் பூனைக்கு இப்படி ஆனால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது, ஓரிரு நாளில் உயிரே போய்விடும். ராத்திரியோடு ராத்திரியாகக் கோயம்புத்தூர் போய் டியூப் வைத்து எடுத்தோம். வண்டி வாடகையோடு 9,000. அன்றிலிருந்து பூனைக்கென்று தனியாக 10,000 ரூபாய் அஞ்சலகக் கணக்கில் கிடக்கிறது. நீங்களும் குட்டி வாங்கும் முன்பே அப்படி ஒன்றைப் போட்டு வையுங்கள். எல்லையில் இருப்பதில் ஒரு நன்மை உண்டு. ஒரு பக்கம் கோயம்புத்தூர், மறுபக்கம் திருச்சூர் மண்ணுத்தியில் கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரி. சாதாரண ஊசிக்கு அரசு ஆஸ்பத்திரியிலேயே கேளுங்கள். கால்நடை மருத்துவமனை என்றால் இங்கே பாதிப் பேருக்குப் புரியாது, "மிருகாசுபத்திரி" என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிப் போவார்கள்.

சாப்பாட்டு விஷயம் உங்கள் வீட்டுக்கு முக்கியம். பூனை மாமிசம் தின்றே ஆக வேண்டிய பிராணி. தயிர் சாதம், பால் சாதம் போட்டு வளர்த்தால் டாரின் என்ற சத்து கிடைக்காமல் கண்ணும் இதயமும் கெடும். பால் நிறையப் பூனைகளுக்கு வயிற்றுக்கு ஆகாது. 2020 ஏப்ரலில் ஊரடங்கு நேரத்தில் கொச்சிக்காரர் ஒருவர், தன் மூன்று பூனைகளுக்கு பிஸ்கட் வாங்க வெளியே போக போலீஸ் பாஸ் தரவில்லை என்று கேரள உயர் நீதிமன்றத்துக்கே போனார். தன் வீட்டில் சைவம், மாமிசம் சமைக்க முடியாது, பூனைக்கு அந்தத் தீனிதான் வழி என்றார். நீதிமன்றம் அவரைப் போக அனுமதித்தது. உங்களுக்கும் உலர் தீனிதான் வழி. நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 50, 55 கிராம் போதும், மாதம் ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேல். கிலோ 500 ரூபாய் தீனிக்குத்தான் மேலே கணக்குப் போட்டேன், உயர்ந்த ரகம் எடுத்தால் இரட்டிப்பாகும். நாங்கள் அசைவம், அதனால் மத்தி வாங்கி உப்பு, மசாலா இல்லாமல் அவித்து முள் எடுத்துக் கொஞ்சம் வைப்போம். அதுவும் ஜூன் 9-க்கு அப்புறம் ஜூலை முடியும் வரை இங்கே விசைப்படகுகளுக்கு ட்ராலிங் தடை, மீன் விலை எங்கோ போய்விடும்.

கரண்ட் பில்லைச் சொல்லாமல் விடக் கூடாது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று பழகியிருப்பீர்கள். இங்கே அது கிடையாது. மாடி வீடு வேறு. மதியம் முழுக்க மின்விசிறி பூனைக்காக ஓடும்.

பணத்தைவிட அதிகம் கேட்பது நேரம். தினமும் கால் மணி நேரம் முடி சீவ வேண்டும். இரண்டு நாள் விட்டால் அக்குளிலும் வயிற்றிலும் சடை விழும், அது தோலை இழுத்து வலிக்கும். மழை தொடங்கினால் படர்தாமரை பயம், பெர்ஷியனுக்கு அது சுலபமாக வரும், அதிலிருந்து பிள்ளைகளுக்கும் ஒட்டும். என் மகளின் கழுத்தில் வந்து ஒன்றரை மாதம் மருந்து போட்டோம். இன்னொன்று, கடித்தாலோ நகத்தால் கீறி ரத்தம் வந்தாலோ வீட்டுப் பூனைதானே என்று விடாதீர்கள். சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அன்றைக்கு, 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று ஊசி போடச் சொன்னால் ஒன்றைக்கூட விடக் கூடாது. பிள்ளையிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், பயந்துகொண்டு மறைக்கும்.

அப்புறம், ஊருக்குப் போவது. நம்மைப் போல வெளியூரில் பிழைக்கிறவர்களுக்கு இதுதான் பெரிய கேள்வி, குட்டி வாங்கும்போது யாரும் யோசிப்பதில்லை. தீபாவளி, பொங்கல், கோயில் கொடை, ஒரு சாவு, ஒரு கல்யாணம் என்று விருதுநகருக்கு வருஷத்தில் நாலைந்து தடவையாவது போவீர்கள். விருதுநகர் வழியாகப் போகும் திருச்செந்தூர் ரயிலில் சாதாரணப் பெட்டியில் பூனையை மடியில் வைத்துக்கொண்டு போக ரயில்வே விதி இடம் கொடுக்காது. முதல் வகுப்பு உள்ள ரயிலில் கூப்பே என்ற தனி அறை முழுவதையும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் லக்கேஜ் வேன். கணவருக்கு ஷிப்ட். திடீரென்று கிளம்பினால் சாவியை யாரிடம் கொடுப்பீர்கள்? எனக்குப் பக்கத்து வீட்டுச் சேச்சி இருக்கிறார். அவரோடு அந்தப் பழக்கம் உண்டாக எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று. உங்களுக்கு இப்போதுதான் மூன்று மாதம். வீட்டுக்காரரிடமும் வாய் வார்த்தையாக இல்லாமல், வாடகைப் பத்திரத்தில் பூனை வளர்க்கலாம் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். வீடு மாற வேண்டி வந்தால் பூனையோடு மாடி வீடு கிடைப்பது சிரமம்.

ஆகவே நான் சொல்வது, இந்த மழைக்காலம் போகட்டும். அதுவரை பக்கத்து வீட்டுப் பூனைக்குத் தினமும் முடி சீவும் வேலையை உங்கள் மகள் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். அந்த வீட்டாரோடு பேசிப் பேசி மலையாளமும் வரும், ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ள ஆளும் கிடைக்கும். மூன்று மாதம் விடாமல் செய்தாள் என்றால் டால் ஃபேஸ் குட்டியாகப் பார்த்து வாங்குங்கள். ஒற்றப்பாலத்துக்காரர் அவசரப்படுத்தினால் விட்டுவிடுங்கள், குட்டி எப்போதும் கிடைக்கும். கூட வந்து தாயையும் அட்டையையும் பார்க்க ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன்.

ஓணம் லீவில் பெண்ணை இங்கே ஒரு நாள் கூட்டி வாருங்கள். பாலக்காட்டிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு பஸ் நிறைய உண்டு. குட்டனுக்குச் சீவி முடிக்க இருபது நிமிஷமாவது ஆகும். அவன் வயிற்றுப் பக்கம் மட்டும் மெதுவாகச் சீவச் சொல்லுங்கள், அங்கே கை வைத்தால் அவனுக்குப் பிடிக்காது.