டில்லிப் பனியில் இண்டிகேட்டர் தெரியவில்லை, எந்தப் பல்பு வாங்குவது?

கேள்வி: ஆர்.கே.புரத்திலிருந்து காலை ஆறரைக்கெல்லாம் ரிங் ரோடு வழியாக வேலைக்குக் கிளம்பிவிடுவேன். ஒன்பது வருடப் பழைய 125 சிசி பைக். போன ஜனவரியில் பனிமூட்டத்தில் இடதுபக்கம் ஒதுங்கியபோது பின்னால் வந்த கார் உரசிக்கொண்டு போனது. இண்டிகேட்டர் போடவில்லை என்று என்னையே திட்டினார். நான் போட்டுத்தான் இருந்தேன். கரோல் பாகில் ஒரு கடைக்காரர் வெள்ளை எல்இடி நாலு போடுங்கள் என்கிறார். மெக்கானிக், 21 வாட் பல்பு போட்டால் போதும் என்கிறார். எதை வாங்கட்டும்?

பதில்: இரண்டும் வேண்டாம். உங்களுக்கு அடிபடாமல் போனதே பெரிய நிம்மதி.

முதலில் 21 வாட். உங்கள் பைக்கின் பழைய பல்பைக் கழற்றி அடிப்பாகத்தைப் பாருங்கள். இந்த வகை பைக்குகளில் பெரும்பாலும் 12V 10W என்றுதான் பொறித்திருக்கும். 10 வாட் பல்பு இழுக்கும் மின்சாரம் ஒரு ஆம்பியருக்குள் அடங்கிவிடும். 21 வாட் என்றால் ஏறக்குறைய 1.75 ஆம்பியர். மெல்லிய வயரும் சின்ன பிளாஸ்டிக் கூடும் அந்தச் சூட்டுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. டிராபிக்கில் இண்டிகேட்டரைப் போட்டபடி கொஞ்ச நேரம் நின்றால் லென்ஸ் உருகவும் கூடும்.

காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். லென்ஸைத் திறந்து, இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, ஒரு துண்டு வயரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை பல்பு ஹோல்டரின் உலோக உறையிலும் தொட்டுப் பிடியுங்கள். வெளிச்சம் சட்டென்று ஏறினால் குற்றம் பல்பில் இல்லை, எர்த்தில், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் இணைப்பில். டில்லியில் நாலைந்து மழைக்காலம் பார்த்த பைக்கில் இது சாதாரணம். ஹோல்டருக்குள் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும், அடியில் இருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்து, எர்த் வயர் சேரும் போல்ட்டையும் சுரண்டி இறுக்குங்கள். லென்ஸ் வெயிலில் வெளுத்தோ உள்ளே தூசி படிந்தோ இருந்தால் லென்ஸை மட்டும் புதிதாக வாங்கலாம். என் தம்பியின் பைக்கில் இவ்வளவுதான் செய்தோம். பழைய பல்பே புதிது போல எரிந்தது.

இதற்குப் பிறகும் போதவில்லை என்றால் எல்இடி வாங்குங்கள், ஆனால் ஆம்பர், அதாவது ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறத்தில் எரியும் எல்இடி. வெள்ளை எல்இடியில் நீலம் தூக்கலாக இருக்கும். ஆரஞ்சு லென்ஸ் அதைத் தடுத்துவிடுவதால் வெளியே வருவது வெளிறிய மஞ்சள்தான். உங்கள் லென்ஸ் கண்ணாடி மாதிரி நிறமற்றது என்றால் வெள்ளை எல்இடி வெள்ளையாகவே எரியும். அது சட்டப்படி தப்பு. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, இண்டிகேட்டர் ஆம்பர் நிறத்தில், நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மின்ன வேண்டும் என்கிறது. இது வெறும் சட்டப் பேச்சு இல்லை. பனியில் பின்னால் வருபவர் கண்ணுக்கு உருவம் தெரியாது, நிறமும் மின்னும் தாளமும் மட்டும்தான் தெரியும். சிவப்பு டெயில் லைட்டுக்குப் பக்கத்தில் அந்த ஆரஞ்சு தனியாகத் தெரிந்தால்தான் இவர் திரும்பப் போகிறார் என்று புரியும்.

கடையில் பல்பை ஏற்றிக் காட்டும்போது நேர் எதிரே நின்று பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். மலிவான எல்இடியில் வெளிச்சம் தரும் சில்லுகள் நுனியில் மட்டும் இருக்கும். நேரே பார்த்தால் கண் கூசும், இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தால் அணைந்த மாதிரி இருக்கும். லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் ரிஃப்ளெக்டர், பல்பின் இழை இருக்கும் இடத்தை வைத்துச் செய்தது. அதனால் சுற்றிலும் சில்லு பதித்த பல்பையே கேளுங்கள். உங்கள் கூட்டிலேயே மாட்டி, லென்ஸை மூடி, பத்தடி தள்ளி, பின்பக்க மூலையில் நின்று பாருங்கள். அப்புறம் ஹோல்டரில் உட்காரும் இரண்டு குமிழும் பொருந்துகிறதா என்று பழைய பல்பைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். சில ஆம்பர் பல்புகளில் அந்தக் குமிழ்கள் நேர் எதிரெதிரே இருக்காது. அழுத்தித் திணித்தால் ஹோல்டர்தான் போகும்.

கேள்வி: எல்இடி மாற்றினேன். இப்போது படபடவென்று வேகமாக மின்னுகிறது. நண்பர் பைக்கில் நாலும் ஒன்றாக எரிகிறது. பல்பு கெட்டதா?

பதில்: பல்பு நன்றாகத்தான் இருக்கிறது. பழைய பிளாஷர், அதாவது இண்டிகேட்டரை விட்டு விட்டு எரியவைக்கும் பாகம், 10 வாட் பல்பு இரண்டு இழுக்கும் மின்சாரத்தை நம்பித் தாளம் போடுகிறது. எல்இடி ஓரிரு வாட்தான் எடுக்கும் என்பதால் ஒரு பல்பு போய்விட்டது என்று நினைத்து வேகம் எடுக்கிறது. சில பழைய பிளாஷரில் மின்னவே மின்னாது. எல்இடிக்கான எலக்ட்ரானிக் பிளாஷர் ஒன்றை, உங்களுடையது இரண்டு பின்னா மூன்று பின்னா என்று பார்த்து வாங்கி மாட்டுங்கள். பழைய பிளாஷரையே ஏமாற்ற, கூடுதல் மின்சாரம் இழுக்கும் ரெசிஸ்டர் போட்டுத் தருகிறேன் என்பார்கள். அது நன்றாகச் சூடாகும், பிளாஸ்டிக் பக்கம் டேப் சுற்றி வைக்க விடாதீர்கள். ஒரு விஷயம்: புது பிளாஷரில் பல்பு போனாலும் தாளம் மாறாது. வாரம் ஒருமுறை இறங்கி நின்று பாருங்கள்.

நண்பரின் பைக் மீட்டரில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே சிக்னல் விளக்குதானே? அதன் வழியாக மின்சாரம் மறுபக்கத்துக்குக் கசிகிறது. கொஞ்சம் கசிந்தாலே எல்இடி எரிந்துவிடும். அந்த விளக்கு வயரில், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு இரண்டு சேர்த்தால் சரியாகும். ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்குச் சின்ன வேலை.

கேள்வி: பில் கேட்டால் "எல்இடிக்கு கேரண்டி கிடையாது" என்கிறார்கள்.

பதில்: கேரண்டி இல்லாவிட்டாலும் பில் உண்டு, கேட்டு வாங்குங்கள். எம்ஆர்பி அச்சிட்ட அட்டையில் வருவதையே எடுங்கள், உதிரியாக டப்பாவில் கொட்டி வைத்திருப்பது வேண்டாம். அட்டை விலைக்கு மேல் வாங்கினாலோ, பில் தர மறுத்தாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். கரோல் பாகுக்குத் திங்கட்கிழமை போகாதீர்கள், அன்று கடை அடைப்பு.