நன்கொடை வாங்கலாம், ஆனா அது யார் கைக்குப் போகுதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க

"நாங்க ஆறு பேர், தமிழ் எழுத்துப்பிழை திருத்தி ஒண்ண நாலு வருஷமா ஓப்பன் சோர்ஸா, அதாவது கோட யார் வேணா எடுத்துப் பாத்து மாத்திக்கிற மாதிரி, பண்றோம், எல்லாம் ஓய்வு நேரத்துலதான். சிங்கப்பூர்ல இருக்குற ஒருத்தர் வருஷத்துக்கு 40,000 ரூபாய் தர்றேங்குறார். வாங்கலாமா? காசு வந்தா சண்டை வரும்னு டீம்ல ரெண்டு பேர் பயப்படுறாங்க" அப்படின்னு ஒரு நண்பர் கேட்டிருக்கார்.

வாங்கலாம்ங்க. ஆனா அந்த ரெண்டு பேர் பயப்படுறதுலயும் நியாயம் இருக்கு, அத ஒதுக்கித் தள்ளிடாதீங்க.

தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்குற டெபியன்ங்குற ஓப்பன் சோர்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்துல 2006ல இது நடந்துச்சு. எட்ச்ங்குற அடுத்த பதிப்பு டிசம்பர்ல வந்தே ஆகணும்னு டங்க்-டேங்க்னு தனியா ஒரு முயற்சி ஆரம்பிச்சு, காசு திரட்டி, வெளியீட்டப் பாத்துக்குற ரிலீஸ் மேனேஜர் ரெண்டு பேருக்கு முழுநேரம் வேலை பாக்க பணம் குடுக்கப் பாத்தாங்க. ராத்திரி முழிச்சு காசு வாங்காம அதுல சேர்ற மென்பொருள்கள, அதாவது பேக்கேஜ்கள, பாத்துட்டிருந்த மத்தவங்களுக்கு 'அப்ப நாங்க யாரு?'ன்னு ஆயிடுச்சு, சிலர் வெளிப்படையாவே எதிர்த்தாங்க, கடைசில ரிலீஸ் 2007 ஏப்ரல்லதான் வந்துச்சு. தாமதத்துக்குக் காசு மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா மனஸ்தாபம் வந்தது உண்மை. இதே டெபியன் சர்வர் வாங்கவும், மாநாட்டுக்கு வர்றவங்க பயணச் செலவுக்கும் பல வருஷமா நன்கொடை வாங்குது, அதுல இந்த மாதிரி பிளவு வரல. ஆறு பேர்ல ரெண்டு பேருக்கு மட்டும் சம்பளம்னு வர்ற இடத்துலதான் விரிசல் விழுது.

அதுக்காக வேணவே வேணாம்னும் இருக்க முடியாது. 2014ல ஹார்ட்பிளீட்ங்குற பாதுகாப்பு ஓட்டை வெளிய வந்தப்பதான், அந்த ஓட்டை இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு (இன்டர்நெட்ல போற தகவல பூட்டி அனுப்புற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்) வருஷத்துக்கு சுமார் 2,000 டாலர்தான் நன்கொடை வந்துட்டிருந்துச்சுன்னு ஊருக்கே தெரிஞ்சுது. பேங்க் சைட்டுல இருந்து மெயில் வரைக்கும் எத்தனையோ சர்வர் அத நம்பித்தான் ஓடிட்டிருந்துச்சு, நினைச்சா இப்பவும் எனக்கு வயித்தக் கலக்கும்.

நான் முன்னாடி இருந்த ஒரு சின்னக் குழுவுல, நன்கொடை எல்லாம் ஒருத்தரோட சொந்த ஜிபே நம்பருக்குத்தான் வரும். கணக்கு கேட்டப்ப அவர் ஸ்டேட்மென்ட்ட பிரின்ட் எடுத்துட்டு வந்து, பால் காசு, வீட்டு கரண்ட் பில்லுக்கு நடுவுல எங்க 500, 1,000ஐ மஞ்சள் மார்க்கர்ல கோடு போட்டுக் காட்டினார். ஒரு ரூபா கூட குறையல, ஆனா அன்னைக்கு அவர் முகம் சுருங்கிப் போனது இன்னும் என் கண்ணுக்குள்ள நிக்குது. நல்ல மனுஷன், மூணு மாசத்துல குழுவ விட்டே போயிட்டார்.

அதனால தனி ஆள் அக்கவுன்ட் வேணாம். சொந்தக்காரங்க இல்லாதவங்ககிட்ட இருந்து வருஷத்துல 50,000 ரூபாய்க்கு மேல வந்தா, மொத்தத்தையும் அந்த அக்கவுன்ட் வச்சிருக்குறவரோட வருமானமா எடுத்து வரி போட இடமிருக்கு, அது வேற தலைவலி. ஏற்கனவே பதிவு பண்ணின அறக்கட்டளையோ சங்கமோ உங்க பேர்ல தனிக் கணக்கு வச்சுத் தர சம்மதிச்சா அதுதான் சுலபம், இல்லன்னா நீங்களே பதிவு பண்ணி ரெண்டு பேர் கையெழுத்துல பேங்க் அக்கவுன்ட் திறங்க. டொமைன், சர்வர், கூடிப் பேசுற செலவு, இதுக்கு மட்டும்தான்னு முதல் ரூபா வர்றதுக்கு முன்னாடியே எழுதி சைட்டுல போடுங்க, வரவு செலவையும் மாசாமாசம் அதே பக்கத்துல போடுங்க. காசு குடுத்தவர் கேக்குற ஃபீச்சர் முதல்ல வரும்னு மட்டும் யாருக்கும் வாக்கு குடுக்காதீங்க, அப்புறம் நீங்க தன்னார்வலர் இல்ல, சம்பளம் இல்லாத வேலையாள்.

இப்ப சிங்கப்பூர்க்காரர் விஷயம். அவர் பாஸ்போர்ட் எந்த நாட்டோடதுன்னு கேளுங்க, கூச்சப்படாதீங்க. இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருந்து, சொந்தச் சேமிப்புல இருந்து பேங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடைல சேராது. சிங்கப்பூர் குடிமகன் ஆயிட்டார்னா, தமிழரே ஆனாலும், வெளிநாட்டு நன்கொடைய ஒழுங்குபடுத்துற எஃப்சிஆர்ஏ சட்டத்துக்குள்ள வந்துடும், பதிவோ முன் அனுமதியோ இல்லாம நீங்க தொடக் கூடாது, அந்தப் பதிவுக்கும் பொதுவா அமைப்புக்கு மூணு வயசாவது ஆகியிருக்கணும். அப்படின்னா அவர்கிட்ட நன்றி சொல்லி, காசுக்குப் பதிலா வாரம் ரெண்டு மணி நேரம் டெஸ்டிங் பண்ணித் தர முடியுமான்னு கேட்டுப் பாருங்க.