இன்ஜின் முன்னாலா, பின்னாலா?

கேள்வி: அமெரிக்காவில், ஆர்லாண்டோவில் வேலை பார்க்கும் மகன் வீட்டில் இரண்டு மாதம் தங்கப் போகிறேன். பக்கத்தில் ஒகாலா என்ற ஊரில் டிராக் பந்தயத்துக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறதாம். பார்த்தே தீர வேண்டும் என்கிறான். நேர்கோட்டில் சில விநாடிகள் ஓடி முடிந்துவிடும் பந்தயத்துக்கு அருங்காட்சியகமா? அரை நாளைச் செலவிடத் தகுமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு)

பதில்: தகும். ஆனால் எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் ஒல்லியாகவும் நீளமாகவும் இருக்கும் சில வண்டிகளை வரிசையாகப் பார்த்துவிட்டுத் திரும்பியதாகத்தான் இருக்கும். இரண்டு வண்டிகள் அருகருகே நின்று, கம்பத்தில் விளக்கு மாறியதும் பாய்ந்து, கால் மைல் தூரத்தை, அதாவது 402 மீட்டரை, நேராகக் கடப்பதுதான் டிராக் பந்தயம். மிக வேகமான பிரிவுகளுக்கு மட்டும் 2008 முதல் அந்தத் தூரத்தை 1,000 அடியாகக் குறைத்துவிட்டார்கள். வளைவு கிடையாது, எதிராளியை வளைத்து முந்தும் சாமர்த்தியத்துக்கு வேலை கிடையாது. ஓட்டம் விநாடிகளில் முடிந்துவிடுகிறது. அதற்கான போட்டியோ பட்டறையில் மாதக்கணக்கில் நடக்கிறது. ஆகவே நிறுத்திவைத்த வண்டியைப் பக்கத்தில் நின்று பார்ப்பது, வேறெந்தப் பந்தயத்தையும்விட இதற்குத்தான் பொருந்தும் என்பது என் எண்ணம்.

எரிபொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் முழுமையாக எரிய அதன் எடையைப் போல ஏறத்தாழ 15 மடங்கு காற்று தேவை. இந்த வண்டிகளின் உச்சப் பிரிவில் ஊற்றும் நைட்ரோமீத்தேனுக்கு இரண்டு மடங்குகூடத் தேவையில்லை. அதன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. அதனால் அதே சிலிண்டருக்குள் பெட்ரோலைவிடப் பல மடங்கு அதிகமாக அதைச் செலுத்தி எரிக்க முடிகிறது. இரவுப் பந்தயங்களில் புகைக்குழாய்களின் வாயில் ஆளுயரத்துக்கு நெருப்பு நிற்பது அதனால்தான். தார்ச்சாலையில் அந்த வேகத்தை அடக்க பிரேக் மட்டும் போதாது என்பதால், வண்டியின் பின்னால் பாராசூட்டும் உண்டு.

ஆர்லாண்டோவிலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணம். டான் கார்லிட்ஸ் என்ற பந்தய வீரர் 1984இல் அங்கே திறந்த காட்சியகம் அது. ஒரு கட்டடத்தில் பந்தய வண்டிகள், இன்னொன்றில் பழங்காலக் கார்கள். நேரம் குறைவென்றால் இரண்டாவதை மகனிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: அந்த டான் கார்லிட்ஸையே அங்கு நேரில் பார்த்தவர்கள் உண்டு என்கிறார்களே? பார்க்க நேர்ந்தால் அவரிடம் என்ன பேசுவது?
(கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: அவர் வீடு காட்சியகத்தை ஒட்டியே இருப்பதால் பார்வையாளர்கள் அவரைச் சந்தித்ததுண்டு, சந்திப்போம் என்று நம்பிப் போகாதீர்கள், நேர்ந்தால் நல்லது. 1932இல் புளோரிடாவின் டாம்பாவில் பிறந்தவர். ‘பிக் டாடி’ என்றால்தான் அந்த வட்டாரத்தில் தெரியும். சதுப்பு நிலத்து எலி என்று பொருள்படும் ‘ஸ்வாம்ப் ராட்’ என்ற பெயரையே தன் கறுப்பு வண்டிகளுக்கு ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டுச் சூட்டினார். முதலாவது எலி, பழைய செவர்லே காரின் சட்டங்களில் கிரைஸ்லர் இன்ஜினைப் பொருத்திச் செய்தது.

எத்தனை மைல் வேகம் என்று மட்டும் கேட்காதீர்கள். 1964இல் மணிக்கு 200 மைல், 1975இல் 250, 1986இல் 270 என்று அவர் கடந்த எல்லைகளையெல்லாம் எல்லாரும் எழுதிவைத்திருக்கிறார்கள். இன்ஜினைப் பின்னால் கொண்டுபோன கதையைக் கேளுங்கள்.

அதுவரை டிராக்ஸ்டர்களில், அதாவது இந்தப் பந்தயத்துக்கென்றே செய்த நீண்ட வண்டிகளில், இன்ஜின் முன்னால் இருக்கும். ஓட்டுநர் பின் அச்சுக்கும் பின்னே, உண்டிவில்லில் வைத்த கல்லைப் போல உட்கார்ந்திருப்பார். கியர்பெட்டி அவர் கால்களுக்கிடையே இருக்கும். இன்ஜின் வெடித்தால் கொதிக்கும் எண்ணெயும் நெருப்பும் முகத்துக்கு நேராக வரும். 1970 மார்ச் 8 அன்று, கலிபோர்னியாவின் லயன்ஸ் பந்தயத் திடலில், புறப்படும் கோட்டிலேயே கார்லிட்ஸின் கியர்பெட்டி வெடித்து, வண்டியை இரண்டாக அறுத்து, அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதியையும் கொண்டுபோயிற்று. மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடியே, இன்ஜினைத் தன் முதுகுக்குப் பின்னால் வைக்கும் வண்டியை வரையத் தொடங்கினார்.

பின் இன்ஜின் அவருக்கு முன்பும் சிலர் முயன்றதுதான். அந்த வண்டிகள் நேராக ஓடாமல் அலைந்ததால் கைவிட்டார்கள். கார்லிட்ஸின் வண்டியும் முதலில் அப்படித்தான் அலைந்தது. கோளாறு இன்ஜினில் இல்லை, ஸ்டீயரிங்கில்தான் என்பது பிறகுதான் பிடிபட்டது. முன்னால் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்குப் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரம் எவ்வளவு திரும்பும் என்ற பழைய விகிதம் மிகவும் கூர்மையாக இருந்தது. லேசாகத் தொட்டாலே வண்டி பக்கத்துக்கு ஓடியது. அந்த விகிதத்தை மாற்றி, சக்கரம் மெதுவாகத் திரும்பும்படி செய்ததும் வண்டி கோடு போட்டதுபோல ஓடியது. அந்த ஸ்வாம்ப் ராட் 14, 1971இல் பொமோனாவில் நடந்த வின்டர்நேஷனல்ஸ் பந்தயத்தில் வென்றது. அதற்குப்பின் சில ஆண்டுகளில் முன் இன்ஜின் வண்டிகள் உச்சப் பிரிவிலிருந்து ஏறக்குறைய மறைந்தேவிட்டன. காட்சியகத்தில் பழைய வகை வண்டி ஒன்றின் இருக்கைக்கு எதிரே நின்று, ஓட்டுநரின் கால்கள் எங்கே இருந்திருக்கும் என்று பாருங்கள். பிறகு பின் இன்ஜின் வண்டிக்கு எதிரே நில்லுங்கள். ஐந்தே நிமிடம் போதும்.

ஸ்வாம்ப் ராட் 30 அங்கே இருக்குமா என்று தேட வேண்டாம். ஓட்டுநரின் தலையை மூடும் கூண்டுடன் 1986இல் 270 மைலைக் கடந்த அந்த வண்டியை, மறு ஆண்டே வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். எண்பது வயதுக்கு மேல் அவர் மின்சார டிராக்ஸ்டருக்கு மாறி, 2014இல் மணிக்கு 184 மைல் வேகத்தைத் தொட்டதும் உங்களுக்குப் பேச்சுக்கு உதவும்.

கேள்வி: இதில் பெண்களுக்கு இடமுண்டா?
(இல்லத்தரசி, தஞ்சாவூர்)

பதில்: இடம் கொடுக்கப்படவில்லை, பிடித்துக்கொண்டார்கள். டாப் ஃப்யூயல் என்ற உச்சப் பிரிவில் உரிமம் பெற்ற முதல் பெண் ஷெர்லி மல்டௌனி. 1977, 1980, 1982 ஆகிய மூன்று ஆண்டுகளிலும், அமெரிக்காவில் டிராக் பந்தயங்களை நடத்தும் அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் சாம்பியன் பட்டம் அவருடையது. அதே பிரிவில் அதே அமைப்பின் பட்டத்தை கார்லிட்ஸ் வென்றதும் மூன்றே முறைதான். 1984இல் கனடாவின் மான்ட்ரியல் அருகே நடந்த விபத்தில் கால்கள் நொறுங்கியும், இரண்டு ஆண்டுகளுக்குள் மீண்டும் ஓட்டினார். அவருடைய வண்டியின் நிறம் பளிச்சென்ற இளஞ்சிவப்பு.